குடிபோதையில் நடந்த கொலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலை வழக்குச் செய்தி எதைப் படித்தாலும் "போதையில செஞ்சதாம், வக்கீல் வெச்சு வெளிய வந்துடுவான்" என்று ஒருவர் சொல்கிறார். "குடிச்சவனுக்கு ரெட்டைத் தண்டனை" என்கிறார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பதில்கள் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) பொருந்தும். அதற்கு முந்தைய சம்பவங்களுக்கு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம்தான் (ஐபிசி). போதையைப் பற்றிய விதியில் எண் மாறியதே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லும்.

குடிச்சுட்டு கொலை பண்ணினா தண்டனை இல்லையாமே, நிஜமா?

இல்லை. தானாகக் குடித்தவர் "போதையில் இருந்தேன்" என்று சொல்லிக் கொலை வழக்கிலிருந்து விடுதலையாக வழியே இல்லை. மிஞ்சிப்போனால், குறுகலான சில சூழ்நிலைகளில், குற்றத்தின் வகை ஒரு படி இறங்கலாம். அப்போதும் சிறை உண்டு.

அப்போ போதைக்குன்னு சட்டத்துல எந்த விலக்கும் கிடையாதா?

ஒன்று உண்டு. பிஎன்எஸ் 23ஆம் பிரிவு, பழைய ஐபிசி 85. அதற்கு இரண்டு நிபந்தனைகள். போதைப்பொருள் அவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் போதையால், தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறியவே முடியாத நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அது குற்றமே ஆகாது.

இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்பானத்தில் யாரோ மருந்து கலந்தார்கள் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. மருந்து உள்ளே போய்க் கொஞ்சம் தலை சுற்றியது, கூச்சம் விட்டுப்போனது, ஆனால் செய்வது தெரிந்தே செய்தார் என்றால் 23 கைகொடுக்காது. இங்கிலாந்தில் 1994ல் கிங்ஸ்டன் வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதே போக்கில்தான் தீர்ப்புச் சொன்னது: பிறர் கொடுத்த மருந்தால் மனக்கட்டுப்பாடு தளர்ந்திருந்தாலும், நோக்கம் இருந்தால் அது நோக்கம்தான். அது கொலை வழக்கு அல்ல, என்றாலும் கேள்வி ஒன்றே.

ஃப்ரெண்ட்ஸ் வற்புறுத்தி ஊத்திக் கொடுத்தாங்க. அது 'விருப்பத்துக்கு மாறாக' ஆகாதா?

ஆகாது. கெஞ்சுவது, கேலி செய்வது, "ஒரே ஒரு ரவுண்டு" என்று நச்சரிப்பது எதுவும் கட்டாயம் ஆகாது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கு 1960ல் வந்த ஒரு வழக்கில், வலி தணியட்டும் என்று தந்தை சொல்லித்தான் குடித்தேன் என்றார் ஒருவர். தந்தை சொன்னாலும் குடித்தது அவர் விருப்பம்தான் என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

"இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கும்னு தெரியாது" என்பதும் எடுபடாது. வீட்டில் தயாரித்த ஒயின் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது என்ற வாதத்தை இங்கிலாந்து நீதிமன்றம் 1988ல் ஆலன் வழக்கில் நிராகரித்தது. குடிப்பது மது என்று தெரிந்தால் போதும், எவ்வளவு ஏறும் என்பது குடிப்பவர் பொறுப்பு.

தானா குடிச்சவருக்கு எந்தப் பிரிவு? அது என்ன சொல்லுது?

பிஎன்எஸ் 24, பழைய ஐபிசி 86. குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கொலைக்குற்றத்தில் மனநிலை இரண்டு வகையாக வரும். ஒன்று நோக்கம்: சாகடிக்க வேண்டும் அல்லது இன்ன காயத்தை உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம். மற்றொன்று அறிவு: இதைச் செய்தால் ஆள் செத்துப்போவார் என்று தெரிந்திருப்பது. 24ஆம் பிரிவு, தானாகக் குடித்தவருக்கு, குடிக்காதிருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகவே வைத்து அவரை நடத்தச் சொல்கிறது. "தலையில் கட்டையால் அடித்தால் சாவான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை" என்று அவர் சொல்லவே முடியாது.

நோக்கம் விஷயத்தில் அந்தப் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. தொடக்கத்தில் அறிவு, நோக்கம் இரண்டையும் குறிப்பிடும் பிரிவு, இருந்ததாகக் கருதச் சொல்வது அறிவை மட்டுமே. அந்த இடைவெளியில்தான் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல்கள் நிற்கிறார்கள்: நினைவு தப்பும் அளவுக்குப் போதையில் இருந்தவர் கொல்லும் நோக்கத்தை உருவாக்கியிருக்க முடியாது, அதனால் இது கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்பது வாதம். வாதம் சட்டப்படி சரியானது. பெரும்பாலான வழக்குகளில் சாட்சியங்கள்தான் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

உள்ளே என்ன நினைச்சார்னு கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே பார்க்க முடியாது. நடந்துகொண்ட விதத்தைத்தான் பார்க்கிறார்கள். 1956ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாஸ்தேவ் வழக்கு இதற்கு அடிப்படை. ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர் கல்யாண வீட்டில் நன்றாகக் குடித்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பதினைந்து பதினாறு வயதுப் பையனைத் தள்ளி உட்காரச் சொன்னார். பையன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார், பையன் இறந்தான்.

அவர் நடையில் தள்ளாட்டம் இருந்ததை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் தானாக நடந்து வந்திருக்கிறார், புரியும்படி பேசியிருக்கிறார், எங்கே உட்காரலாம் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார், சுட்டபின் தப்பி ஓடப் பார்த்திருக்கிறார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்கு நோக்கம் கொள்ளத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கொலைக்குற்றம் உறுதியானது. அறிவைப் பொறுத்தவரை குடிக்காதவராகவே கருத வேண்டும், நோக்கத்தைப் போதையின் அளவையும் சேர்த்து மொத்தச் சூழ்நிலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்திரசேகர ஐயர் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. இங்கிலாந்தின் 1920ஆம் ஆண்டு பியர்டு வழக்கு விதிகளையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. குடியால் எளிதில் ஆத்திரப்படும் நிலைக்கு வந்துவிட்டார் என்று காட்டுவது மட்டும் போதாது என்பது அவற்றில் ஒன்று.

ஆகவே "எத்தனை குவார்ட்டர்?" என்பதைவிட, ஆயுதத்தை எங்கிருந்து எடுத்தார், உடம்பில் எங்கே குறி வைத்தார், எத்தனை முறை தாக்கினார், பிறகு எதையாவது மறைத்தாரா என்பவையே தீர்ப்பை முடிவு செய்கின்றன.

கொல்லணும்னு நினைக்கலை, சும்மா குத்தினேன்னு சொன்னா?

இது பலருக்கும் தெரியாத பொறி. கொலை ஆவதற்குக் கொல்லும் நோக்கம் கட்டாயமில்லை. அந்தக் காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்து, அந்தக் காயம் இயல்பான போக்கில் சாவை ஏற்படுத்தப் போதுமானது என்று மருத்துவச் சாட்சியம் காட்டினால், அதுவும் கொலைதான். 1958ல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. போதையில் இருந்தவர் நெஞ்சைக் குறிவைத்து கத்தியை இறக்கினார் என்று நிரூபணமானால், "சாவான் என்று நினைக்கவில்லை" என்பதால் பெரிய பயன் இல்லை.

அப்போ 302 கேஸ் 304 ஆகிறது எப்போ?

கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள் (பிஎன்எஸ் 103, பழைய 302). கொலையாகாத மரணம் விளைவித்தலில் (பிஎன்எஸ் 105, பழைய 304) இரண்டு படி. நோக்கம் இருந்தால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. அறிவு மட்டும் என்றால் 10 ஆண்டு வரை. போதை வாதம் குறிவைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத்தான்.

எடுபட்ட வழக்கு ஒன்று, எடுபடாதது ஒன்று. ராஜஸ்தானைச் சேர்ந்த காலு ராம் வழக்கில், கடும் போதையில் மனைவிமீது மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தவர், தீ பரவியதும் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்த்தார். இவ்வளவு கொடுமையான விளைவை அவர் நினைத்திருக்க மாட்டார் என்று கருதிய உச்ச நீதிமன்றம் குற்றத்தை 304 இரண்டாம் பகுதிக்கு இறக்கியது. 2019ல் சூரஜ் ஜகந்நாத் ஜாதவ் வழக்கிலும் இதே மாதிரி போதை, இதே மாதிரி தீ, இதே மாதிரி தண்ணீர். அங்கே 302 அப்படியே நின்றது. தண்ணீர் ஊற்றியதால் மட்டும் நோக்கம் இல்லை என்றாகிவிடாது, போதை எல்லை மீறியது என்பதற்கும் ஆதாரம் இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. என் கணிப்பு: காலு ராம் வழக்கை இன்று நம்பிப் போகிறவர் ஏமாறவே வாய்ப்பு அதிகம்.

எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. காலையில எழுந்தாதான் தெரிஞ்சுது. இது போதாதா?

போதாது. அதிகம் குடித்தவருக்கு, நடந்தது நினைவில் பதியாமலே போவதுண்டு. அந்த நேரத்திலும் அவர் பேசியிருப்பார், வண்டி ஓட்டியிருப்பார், கதவைப் பூட்டியிருப்பார். பின்னால் நினைவு இல்லை என்பதும், செய்யும்போது தெரியவில்லை என்பதும் வேறுவேறு. நீதிமன்றம் கேட்பது இரண்டாவதை.

ரத்தத்துல ஆல்கஹால் அளவு இருந்தா ப்ரூஃப் ஆகிடுமே?

குடித்தார் என்பது நிரூபணமாகும். எந்த நிலையில் இருந்தார் என்பது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம் என்று எண் உண்டு. கொலை வழக்கில் அப்படி எந்த எண்ணும் கிடையாது. ஒரே அளவில் ஒருவர் சுருண்டு விழுவார், பழகியவர் கணக்குப் பார்த்துச் சில்லறை வாங்குவார்.

நேரமும் ஒரு சிக்கல். உடம்பு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் மதுவைக் கரைத்துவிடும். சம்பவம் நடந்து மறுநாள் மதியம் பிடிபட்டவரின் ரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கைதானவரை மருத்துவரிடம் பரிசோதிக்கச் செய்ய போலீஸுக்கு அதிகாரம் இருந்தும், போதையின் நிலை பற்றி உருப்படியான குறிப்பு கோப்பில் இல்லாத வழக்குகள் நிறைய. மிஞ்சுவது நேரில் பார்த்தவர்களின் வாய்மொழி.

இதையெல்லாம் யார் நிரூபிக்கணும்? போலீஸா, நாங்களா?

23ஆம் பிரிவின் விலக்கைக் கேட்டால், நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மீது (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 108, பழைய சாட்சியச் சட்டம் 105). ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

நோக்கம் இருந்தது என்பதை நிரூபிப்பது எப்போதும் அரசுத் தரப்பின் வேலை. ஏட்டில் அப்படி. நடைமுறையில், கழுத்தில் வெட்டு விழுந்திருந்தால் நோக்கம் தானாகத் தெரிகிறது என்றே நீதிமன்றம் தொடங்கும். போதை அதைத் தடுத்தது என்று காட்ட ஏதாவது ஒரு சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பிலிருந்து வந்தாக வேண்டும்.

தைரியம் வரட்டும்னு குடிச்சுட்டுப் போய் செஞ்சா?

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வட அயர்லாந்தின் கல்லாகர் வழக்கில் (1961), மனைவியைக் கொல்ல முடிவு செய்தவர் கத்தியும் விஸ்கியும் வாங்கினார், குடித்தார், கொன்றார். நிதானத்தில் போட்ட திட்டத்தைப் போதை அழித்துவிடாது என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. குடிக்கும் முன்பே கிளம்பிய நோக்கம் என்றால் 24ஆம் பிரிவு பற்றிப் பேசவே வேண்டாம். முன்பகை, மிரட்டல், ஆயுதம் வாங்கிய ரசீது எல்லாம் அப்போது சாட்சிகள்.

சாராயத்துக்கு மட்டுமா, கஞ்சா, மாத்திரைக்கும் இதேதானா?

எல்லாப் போதைக்கும் இதே விதிதான், சட்டம் பொருளைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை எடுத்துக்கொண்டு, பாம்புகளோடு சண்டை போடுவதாக நினைத்துக் கூட இருந்த பெண்ணைக் கொன்ற லிப்மன், இங்கிலாந்தில் கொலைக்குற்றத்திலிருந்து தப்பினார், ஆனால் ஒரு படி குறைந்த மனிதக்கொலைக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. மருத்துவர் எழுதிய மருந்தின் எதிர்பாராத விளைவு வேறு கதை. தூக்க மாத்திரை இப்படி வெறியேற்றும் என்று தெரியாமல் சாப்பிட்டவரைக் குடித்தவரோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

வருஷக்கணக்கா குடிச்சு மூளையே கெட்டுப்போனவருக்கு?

அவர் வழக்கு போதைப் பிரிவில் வராது, மனநலக் குறைவுப் பிரிவில் (பிஎன்எஸ் 22, பழைய 84) வரும். குடி ஒன்று, குடி கொண்டுவரும் நோய் வேறொன்று என்று 1881ல் டேவிஸ் வழக்கில் நீதிபதி ஸ்டீபன் பிரித்தார். நம் பழைய சாட்சியச் சட்டத்தை எழுதியவரும் அவர்தான். குடியை நிறுத்தியபின் வரும் நடுக்கமும் மாயத்தோற்றமும், குடியால் நிலையாகச் சிதைந்த மூளையும் இந்த வகை. அந்த நோயைத் தானே தேடிக்கொண்டார் என்பது தடையில்லை. ஆனால் "குடிக்கு அடிமை" என்ற சான்றிதழ் மட்டும் போதாது. சம்பவ நேரத்தில் செய்வது இன்னது என அறியும் திறன் இல்லை என்று காட்டியாக வேண்டும்.

குடிச்சுட்டிருக்கும்போது அவன்தான் அம்மாவைத் திட்டினான். ஆத்திரத்துல நடந்துபோச்சு...

இது போதை வாதமே அல்ல, கலந்துவிடாதீர்கள். கடுமையான திடீர் கோபமூட்டல் என்ற விலக்கு தனி. நிதானமான ஒரு சாதாரண மனிதர் அந்த வார்த்தைக்குத் தன்னிலை இழப்பாரா என்பதே அளவுகோல். குடித்ததால் எளிதில் சீண்டப்பட்டேன் என்பதற்கு மதிப்பில்லை.

குடி இடத்துச் சண்டைகளில் அதிகம் கைகொடுப்பது வேறொரு விலக்கு: முன்யோசனை இல்லாத திடீர்ச் சண்டை. சூடான கைகலப்பில் நடந்திருக்க வேண்டும், அநியாயமாகச் சாதகம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, கொடூரமாக நடந்திருக்கக் கூடாது. செய்தித்தாளில் "போதையில் நடந்ததால் தண்டனை குறைப்பு" என்று வருபவற்றில் கணிசமானவை உண்மையில் இந்த விலக்கால் குறைந்தவை. சண்டை முடிந்து வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வந்தால் இதுவும் போச்சு.

போதையில வண்டி ஓட்டி ஆள் செத்தா அது கொலையா?

பொதுவாகக் கொலை அல்ல. ஆனால் வெறும் கவனக்குறைவு என்றும் விட்டுவிடுவதில்லை. 2006 நவம்பரில் மும்பையில் நடைபாதையில் படுத்திருந்த 7 பேர் கார் ஏறி இறந்த வழக்கில், 304 இரண்டாம் பகுதியின்படி வந்த தண்டனையை 2012ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குடித்துவிட்டு வேகமாக ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்ற அறிவு அவர்மீது ஏற்றப்படும். மேலே அறிவு பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும் இடம் இது.

குடிச்சதுக்கும் சேர்த்து அதிக தண்டனை கொடுப்பாங்களா?

அப்படி விதி இல்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீதிபதி எட்வர்டு கோக், குடி குற்றத்தை இன்னும் மோசமாக்குகிறது என்று எழுதினார். நம் சட்டம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது நீதிபதி போதையைக் கணக்கில் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். பாஸ்தேவுக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கொடுத்ததில் போதைக்கும் பங்கு உண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் கொன்ற ஒருவர் 2006ல் உச்ச நீதிமன்றத்தில் போதையைக் காரணம் காட்டியும் தூக்கு உறுதியானது.

போதையில "நான்தான் கொன்னேன்"னு உளறிட்டார். அது செல்லுமா?

போதையில் சொன்னார் என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது, சாட்சியச் சட்டமே அப்படிச் சொல்கிறது. யாரிடம் சொன்னார் என்பது முக்கியம். போலீஸிடம் சொன்னது, போதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்கு எதிரான ஒப்புதலாகச் செல்லாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது செல்லும். எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் போதை குறுக்கே வரும்.

குடிச்சவன் வெட்ட வந்தா திருப்பி அடிக்கலாமா? அவனுக்கே புத்தி இல்லையே?

தற்காப்பு உரிமை முழுதாக உண்டு. பிஎன்எஸ் 36 (பழைய 98) இதற்காகவே இருக்கிறது. தாக்குபவருக்குப் போதையாலோ மனநலக் குறைவாலோ சட்ட விலக்கு கிடைத்தாலும், தாக்கப்படுபவரின் உரிமை குறையாது. தேவைக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் அப்படியே இருக்கும். தள்ளினாலே விழும் நிலையில் இருப்பவரைத் தலையில் அடித்துக் கொன்றுவிட்டுத் தற்காப்பு என்றால் நம்புவது கடினம்.

வெளிநாட்டுல எல்லாம் எப்படி?

இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 78, 79 பிரிவுகள் ஏறத்தாழ நம்முடையவைதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், நோக்கம் இருந்ததா என்று பார்க்கும்போது போதையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அங்கே நாம் சொன்ன இடைவெளிக் குழப்பம் இல்லை. ஜெர்மனி வேறு வழி பிடித்தது: போதையால் பொறுப்பேற்க முடியாத நிலையில் குற்றச்செயல் புரிந்தால், அந்த அளவுக்குப் போதை ஏற்றிக்கொண்டதே குற்றம், 5 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் போதைச் சாட்சியத்தையே இந்த விஷயத்தில் கேட்பதில்லை. 1996ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை 5-4 என்ற கணக்கில் ஏற்றது. எனக்கு ஜெர்மானிய வழி நேர்மையாகப் படுகிறது, இல்லாத நோக்கத்தை இருந்ததாக அது சொல்வதில்லை.

"நான் அங்கேயே இல்லை"ன்னும் சொல்லிட்டு "இருந்தாலும் போதையில இருந்தேன்"னும் சொல்லலாமா?

மாற்று வாதங்கள் வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் போதை வாதம் எடுத்த கணமே, சம்பவ இடத்தில் இருந்தது, கை ஓங்கியது இரண்டையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. குறுக்கு விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சியிடம் "அவர் நிற்கக்கூட முடியாமல் தள்ளாடினார்தானே?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் அவர் வெளியூரில் இருந்தார் என்றால் இரண்டையும் நீதிபதி நம்ப மாட்டார். எதைச் சொல்வது என்பதை முதல் சாட்சி கூண்டேறும் முன்பே வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். போதை வாதமே என்று முடிவானால், கூடக் குடித்தவர், ஊற்றிக் கொடுத்தவர், வழியில் பார்த்தவர் என்று ஆட்களைத் தேடும் வேலையை அன்றே தொடங்க வேண்டும். மேல்முறையீட்டில் முதல்முறையாக அதைக் கிளப்பினால், கோப்பில் ஒரு வரிச் சாட்சியமும் இல்லாமல் வாதாட வேண்டியிருக்கும்.